வசிட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று

துளசிக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. ஈப்போவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், மோட்டார் இழப்பீட்டுப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு எப்படி இருக்கும்? காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நசுங்கிய கார்களின் படங்கள். ஓரமாக நிறுத்தியிருந்த என் காரை மாடு வந்து முட்டிவிட்டது என்று ஒருவர் எழுதியிருப்பார். பம்பரில் பச்சைச் சாயம் ஒட்டியிருக்கும். பச்சை மாடு எந்த ஊரில் மேய்கிறது என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போவாள். சாயங்காலத்துக்குள் இப்படி ஒரு ஊர் ஜனத்தின் பொய்யைப் பார்த்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் வாட்சாப்பில் சொந்தக்காரர்களின் பொய் காத்திருக்கும்.

நட்சத்திரம் பார்க்கும் பழக்கமும் அவளுக்கு ஒரு பொய்யிலிருந்துதான் வந்தது. பின்னால் வந்த லாரி இடித்ததில் காரின் பின்பெட்டியில் வைத்திருந்த விலையுயர்ந்த தொலைநோக்கி உடைந்துபோனது என்று ஒரு பல் டாக்டர் இழப்பீடு கேட்டிருந்தார். உடைந்த கண்ணாடியின் படமும் இருந்தது. துளசிக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. தொலைநோக்கி என்றால் என்ன, அதற்குள் எத்தனை கண்ணாடி, அவை எப்படி உடையும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். படத்தில் இருந்தது குளியலறைக் கண்ணாடியின் சில்லு என்று நிரூபித்து, டாக்டருக்குச் சல்லிக் காசு கிடைக்காமல் செய்தாள். ஆனால் அதற்குள் அவள் தேவைக்கு மேலேயே தெரிந்துகொண்டுவிட்டாள். ஒற்றையாகத் தெரிகிற நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் ஒற்றை இல்லை என்று எங்கேயோ படித்தது மனதில் முள்ளாகத் தைத்து நின்றது. வானத்திலும் பார்த்தால் ஒன்று, உள்ளே வேறொன்றா? அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று குட்டையாய்ப் பருத்த ஒரு தொலைநோக்கியை வாங்கி, ஒன்பதாம் மாடி வீட்டின் பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நிறுத்தினாள்.

அந்தப் பால்கனியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. எதிரே பேரங்காடியின் பெயர்ப்பலகை சிவப்பு, நீலம், ஊதா என்று மாறி மாறி எரியும். அதற்கு இந்தப் பக்கம் ஃபுட்சால் திடல், நான்கு மூலையிலும் வெள்ளை விளக்கு. சாலையோரம் கோழி வறுத்து விற்கிற கடையின் மின்திரை. எல்லாம் சேர்ந்து, இருட்ட வேண்டிய நேரத்தில் வானம் பால் அதிகமாய்ப் போன மைலோ நிறத்தில் கிடக்கும். வெறும் கண்ணுக்கு ஏழெட்டு நட்சத்திரம் தேறினால் அதிர்ஷ்டம்.

துளசிக்கு அது போதும். நகர வெளிச்சம் மங்கலானவற்றைத்தான் விழுங்கும். பிரகாசமான இரட்டை நட்சத்திரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே எதிரி காற்று. கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நட்சத்திரம் நெளிந்துகொண்டே இருக்கும். அதனால் படம் என்று ஒன்றை எடுப்பதில்லை. தொலைநோக்கியின் பின்னால் கேமராவை மாட்டி ஆயிரக்கணக்கில் படங்களாக ஓடவிட வேண்டும். அவற்றில் காற்று ஒரு நொடி அடங்கிய நேரத்தில் விழுந்த சில படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், நெளிந்துகொண்டிருந்த ஒரு வெளிச்சம் சுத்தமாக இரண்டு புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். ஆயிரத்தில் தொள்ளாயிரத்துக்கு மேல் குப்பையில் தள்ளுகிற இந்த வேலை அவள் சுபாவத்துக்கு அளந்து தைத்த மாதிரி இருந்தது.

நட்சத்திரப் படம் எடுப்பவர்களின் வாட்சாப் குழு ஒன்றில் கொஞ்ச நாள் இருந்தாள். அவர்கள் எல்லாரும் பால்வீதிக்காரர்கள். வாரக் கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு மலைமேல் ஏறி, ஒரு படம் எடுத்து, அதற்குக் கத்திரிக்காய் நிறத்தில் சாயம் பூசி அனுப்புவார்கள். கீழே நாற்பது பேர் கைகூப்பியிருப்பார்கள். துளசி ஒருநாள் தென்சிலுவையின் அடி நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்த படத்தை அனுப்பினாள். "அக்கா, கேமராவுல தூசி இருக்கு," என்று ஒருவன் பதில் போட்டான். குழுவை விட்டு வெளியேறினாள். எந்த மலையில் ஏறிப் படமெடுத்தாலும் கண்ணிருந்தால்தானே தெரியும் என்று புருஷனிடம் சொன்னாள்.

புருஷன் பெயர் பத்துமலை. தைப்பூசத்தன்று பிறந்ததால், அந்தத் திருவிழா நடக்கிற குகைக்கோயிலின் பெயர். இரும்புச் சாமான் கடையில் வேலை. அதிகம் பேசமாட்டார். தொலைநோக்கியைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், சொல்லாவிட்டால் தூங்குவார்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம் மே மாதத்தில் கனகராஜிடமிருந்து போன் வந்தது. கனகராஜ் துளசியின் பெரியப்பா மகன். செய்யாத தொழில் இல்லை, நிலைத்த தொழிலும் இல்லை. கடைசியாக அவர் பிடித்திருந்தது செமோருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆறாங்கட்டைத் தோட்டம். இருவரும் பிறந்த இடம். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய் வருடக்கணக்காகிறது. பாதியில் வீடுகள் வந்துவிட்டன. மீதி சும்மா கிடந்தது. அந்த மீதியைக் குத்தகைக்கு எடுத்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் இடியாமல் நின்ற ஒரு லயத்துக்குச் சாயம் பூசி, ஏர்கண்டிஷன் மாட்டி, நட்சத்திர முகாம் என்று பெயர் வைத்திருந்தார். விளம்பரத்தில் "நம் முன்னோர் வாழ்ந்த லயத்தில் ஓர் இரவு" என்று போட்டிருந்தது. துளசிக்கு அந்த லயத்தைத் தெரியும். கூரை ஒழுகும், பத்து வீட்டுக்கு ஒரே கக்கூஸ். அதிலிருந்து வெளியேறினால் போதும் என்று அவள் அம்மா நேர்ந்துகொண்ட காவடிகளில் இரண்டு இன்னும் பாக்கி. அங்கே ஓர் இரவு தங்கக் காசு கொடுத்துப் போகிறவர்களை என்ன வார்த்தையால் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"துளசி, அண்ணன் பேசுறேன்மா. நம்ம கேம்ப் விளம்பரம் பார்த்தியா?"

"பார்த்தேன். பால்வீதியோட தடிச்ச நடுப்பகுதிய வடக்கு மலைக்கு மேல ஒட்டியிருக்கீங்க. அது தெக்கால வர்றது. வடக்க வராது."

"அது டிசைன் பண்றவன் செஞ்சது லா. யாரு திசை பார்த்துக்கிட்டு இருக்கா? சரி, விசயத்துக்கு வாரேன். கல்யாண விருந்து ஒண்ணு புடிச்சிருக்கேன். அருந்ததி பேக்கேஜ். பொண்ணு மாப்பிள்ளைக்கு டெலஸ்கோப்புல அருந்ததி காட்டணும். இந்த ஊருலயே யாரும் செய்யல. உன்கிட்டதான் சாமான் இருக்கு."

"பட்டப்பகல்ல கோயில் கூரையப் பார்த்து அருந்ததி தெரியுதுன்னு சொல்ற ஜனத்துக்கு டெலஸ்கோப் எதுக்கு அண்ணே?"

"அதான் நீ. யாரையும் ஒரு வார்த்தை நல்லதா சொல்லமாட்ட. வருவியா மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு ஆசை வந்து குறுக்கே நின்றது. அவள் பால்கனி தெற்கு பார்த்தது. தெற்கில் இருக்கிற எல்லா இரட்டைகளையும் அவள் படம் பிடித்தாகிவிட்டது. அருந்ததி வடக்கில். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் வசிட்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. குடியிருக்கிற கட்டடமே முதுகுக்குப் பின்னால் நின்று மறைத்ததால், ஊரில் எல்லாருக்கும் பெயர் தெரிந்த அந்த ஒரு ஜோடியை அவள் மட்டும் படம் எடுத்ததில்லை. ஆறாங்கட்டையின் பழைய பந்துத் திடலில் நின்றால் வடக்கு முழுக்கத் திறந்திருக்கும்.

"பத்து நிமிசம் எல்லா லைட்டையும் அணைக்கணும்," என்றாள்.

"கண்டிப்பா லா," என்றார் கனகராஜ். அந்த வார்த்தையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று துளசிக்குத் தெரியும்.

வைகாசி முகூர்த்தம். காலையில் ஈப்போவில் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. சாயங்கால விருந்துதான் முகாமில். பெண் பெயர் சாந்தினி, பாகான் செராய்க்காரி, மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். மாப்பிள்ளை ரூபன், வங்கியில் வேலை. அவன் அம்மா நல்லம்மாள்தான் இந்த அருந்ததி ஏற்பாட்டுக்கு ஆசைப்பட்டவர். இவ்வளவும் கனகராஜ் சொல்லித் துளசிக்குத் தெரிந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே பத்துமலையும் துளசியும் போய்ச் சேர்ந்தார்கள். வாசலிலேயே அவளுக்குத் தலை சூடாகிவிட்டது. பரிமாறுகிற பையன்களுக்கு நெற்றியில் பால்மரம் வெட்டுகிறவர்களின் விளக்கு. இடுப்பில் கத்தி, அட்டையில் செய்தது. வந்தவர்களுக்கு மாம்பழச் சாற்றை மங்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். அம்மாவின் கையிலிருந்து சாகும்வரை போகாத அந்தப் புளித்த வாடையை இங்கே ஒருத்தி உதட்டுச்சாயத்தோடு உறிஞ்சிக்கொண்டே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். துளசி தனக்கு நீட்டிய மங்கை வாங்கவில்லை. பத்துமலை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மேடை தெற்கு பார்த்து இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், பந்துத் திடலில், தொலைநோக்கியை நிறுத்தினார்கள். இருட்டியதும் சப்தரிஷி மண்டலம் மலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கியது. துளசி உடனே கேமராவை மாட்டி ஓடவிட்டாள். வசிட்டரும் அருந்ததியும் படத்தில் மூலைக்கு மூலை சரியாக விழுந்தார்கள். ஆனால் இருவருமே புழுவாக நெளிந்தார்கள். இது காற்று இல்லை. கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். நிலம் அதிர்ந்தது. மேடைக்கு ஓடுகிற ஜெனரேட்டரைக் கனகராஜ் திடலின் ஓரத்தில்தான் வைத்திருந்தார். ஒரு படம்கூடத் தேறவில்லை. வந்ததற்கு இதுதான் மிச்சம் என்று கேமராவைக் கழற்றிவிட்டு, கண்ணால் பார்க்கிற, பெரிதாக்கம் குறைந்த வில்லையைச் செருகினாள்; அதில் அதிர்வு அவ்வளவாகத் தெரியாது.

அப்போது மேடையில் குருக்கள் ஒலிவாங்கியைப் பிடித்தார். விளக்குகள் அணைந்தன, அதாவது பாதி அணைந்தன. வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த ஊதா ஒளிக்கற்றை அணையவில்லை. "பொண்ணும் மாப்பிள்ளையும் அருந்ததியைப் பாருங்கோ," என்று குருக்கள் தனக்கு எதிரே, நேர் தெற்கே கையை நீட்டினார். அந்தப் பக்கம் குன்றின்மேல் ஒரு தொலைபேசிக் கோபுரம். உச்சியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. கூட்டம் முழுக்க அங்கே திரும்பியது.

"தெரியுது! தெரியுது!" என்றார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "மினுங்குது பாருங்க," என்று ஒருவர் தன் பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளை ரூபன் தலையாட்டினான்.

திடலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த துளசிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இருநூறு பேர். ஒருத்தருக்காவது வெட்கம் வேண்டாமா?

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது. "எங்க குருக்களே? எனக்கு ஒண்ணும் தெரியலயே. அது டவர் லைட்டுதானே?"

சாந்தினி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் நல்லம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதும் அதே ஒலிபெருக்கியில் விழுந்தது. "தெரியுதுன்னு சொல்லும்மா. சொல்லிட்டு வா."

"தெரியலத்தை. தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

துளசி விறுவிறுவென்று மேடையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. அது டவரு. அருந்ததி உங்க எல்லார் முதுகுக்குப் பின்னால இருக்கு. வாம்மா, நான் காட்டுறேன்," என்றாள்.

சாந்தினி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லில் இறங்கி வந்தாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. மற்றவர்கள் எல்லாம் ஒரு விநாடி குனிந்துவிட்டு நிமிர்கிற இடம் அது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தெரியுது?" என்று துளசி கேட்டாள்.

"ஒண்ணு தனியா ஓரமா இருக்கு. இந்தப் பக்கம் பெருசா ஒண்ணு. அதுக்குப் பக்கத்துலயே, ஒட்டிக்கிட்டு, குட்டியா இன்னொண்ணு. மூணு இருக்குக்கா!"

"ஓரமா இருக்கிறது அருந்ததி. பெருசு வசிட்டர்."

"அப்ப அவரு பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறது?"

துளசி பதில் சொல்வதற்குள் நல்லம்மாள் முந்திக்கொண்டார். "மூணா? மூணாவது யாரு? அருந்ததிய விட நெருக்கமா யாரு வந்து நிக்கிறா?"

பின்னால் நின்ற இளவட்டங்களில் ஒருவன், "சின்ன வீடு லா ஆன்ட்டி!" என்று கத்தினான். திடலே சிரித்தது. நல்லம்மாளின் முகம் சுண்டிப்போனது. நல்ல நாளில் வாயில் வரக்கூடாத வார்த்தை. "டேய் ரூபன், நீ பாரு. எத்தனைன்னு சொல்லு," என்றார்.

ரூபன் குனிந்தான், உடனே நிமிர்ந்தான். "ரெண்டுதான்மா."

"நல்லாப் பாருங்க. மூணு," என்றாள் சாந்தினி.

"ரெண்டுதான் தெரியுது."

"நீங்க பார்க்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க. நான் பக்கத்துலதான நிக்கிறேன்."

கல்யாணமான அன்றே, இருநூறு பேர் முன்னால். கனகராஜ் ஓடிவந்து துளசியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"ரெண்டுன்னு சொல்லித் தொலையேன்மா. என்னா குறைஞ்சு போயிரும்?"

"மூணு இருக்கிறத எப்படி ரெண்டுன்னு சொல்றது?"

"யாருக்கும்மா தெரியப்போவுது?"

இந்தக் கேள்விதான் துளசியின் பொறுமையை முடித்தது. இழப்பீட்டுப் பிரிவில் இருபது வருடமாக அவள் கேட்டு வந்த கேள்வி. திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மூணுகூட இல்ல அண்ணே. ஆறு. வசிட்டர்னு நீங்க சொல்ற இடத்துல நாலு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. அருந்ததியே ரெண்டு. டெலஸ்கோப்புல மூணுதான் பிரிஞ்சு தெரியும். மத்தது அதுக்கும் மேல நெருக்கம்."

அந்த இளவட்டப் பையன் உடனே, "அருந்ததிக்குமா?" என்றான்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நல்லம்மாள் அழ ஆரம்பித்தார். குருக்கள் ஏதோ பரிகாரம் சொன்னார். கனகராஜ் எல்லா விளக்கையும் போடச் சொன்னார், பாட்டும் தொடங்கியது. "நீ கிளம்பும்மா. உன்ன கூப்பிட்டேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றார். பத்துமலை முக்காலியை மடக்கினார். வண்டிக்குப் போகும் வழியில் துளசி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேடையில் சாந்தினி தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

வண்டி ஜெலாப்பாங்கைத் தாண்டும்வரை துளசி ஓயவில்லை. "இருநூறு பேருங்க. ஒரு சிவப்பு பல்பைக் காட்டி அருந்ததின்னா தெரியுதுங்கிறான். கூச்சமே இல்லாம. பார்க்காத ஒண்ண எப்படிங்க பார்த்தேன்னு சொல்ல வாய் வருது? அந்த மாப்பிள்ளை, பக்கத்துல பொண்டாட்டிய வெச்சுக்கிட்டே பொய் சொல்றான். இவனெல்லாம் என்ன மனுசன்?"

பத்துமலை கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "எனக்கும் தெரியாது துளசி," என்றார்.

"என்ன தெரியாது?"

"நீ காட்டுறது. பால்கனியில. ரெண்டு ரெண்டுன்னு நீ சொல்லுவ. எனக்கு ஒருநாளும் ரெண்டாத் தெரிஞ்சதில்ல."

துளசிக்கு முதலில் புரியவில்லை. புதிதாக ஒரு இரட்டையைப் பிடிக்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். குனிந்து பார்ப்பார். "ம், தெரியுது. அழகா இருக்கு," என்பார். வருடக்கணக்காக.

"பின்ன ஏன் தெரியுதுன்னு சொன்னீங்க?"

அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். "தெரியலன்னா என்னையும் அவங்க கூடச் சேர்த்துருவ லா."

எவங்க கூட என்று அவள் கேட்கவில்லை. உள்ளே கோபம்தான் இருந்தது; ஊரில் உள்ளவன் பொய் சொன்னால் ஒரு வரி எழுதி மூடிவிடலாம், கட்டிலில் பக்கத்தில் படுக்கிறவர் சொன்னதை எங்கே கொண்டுபோய் மூடுவது? ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அந்த மனிதர் தன்னிடம் பயந்து பயந்து குனிந்த காட்சிதான் அது. அது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் தெளிந்தது. பால்கனியிலிருந்து, "இங்க வாங்க," என்று மட்டும் கூப்பிட்டாள். தெற்கே பேரங்காடியின் பெயர்ப்பலகைக்குச் சற்று மேலே சென்டார் மண்டலத்தின் பெரிய நட்சத்திரம். வானத்திலேயே மூன்றாவது பிரகாசம். அவள் தொலைநோக்கி வாங்கிய காலத்தில் அதன் இரண்டும் நெருங்கிக் கிடந்தன; இப்போது வருடா வருடம் விலகிக்கொண்டே வருகின்றன. அதைவிடச் சுலபமான இரட்டை கிடையாது.

"பாருங்க. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க."

பத்துமலை வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குனிந்தார். "வெள்ளையா ஒண்ணு இருக்கு. இழுத்து விட்ட மாதிரி. நசுங்கின முட்டை மாதிரி."

"கண்ணாடிய ஏன் கழட்டுனீங்க?"

"நீதான் கழட்டச் சொன்ன."

"நானா? எப்ப?"

"வாங்குன அன்னைக்கு. கண்ணாடி உரசி லென்சுல கீறல் விழும், கழட்டிட்டுப் பாருங்க, முட்டாள்தனம் பண்ணாதீங்கன்னு சத்தம் போட்ட."

அவருக்குக் கிட்டப்பார்வை மட்டும் இல்லை, கருவிழியின் வளைவும் கோணல். கிட்டப்பார்வையைத் தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். கோணலுக்குக் கண்ணாடி வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவர் கண்ணாடியின் நம்பர் சீட்டே அவள் கைப்பையில்தான் இருக்கும். ஆயிரம் படத்தில் ஒரு படம் நெளிந்திருந்தால் ஏன் என்று தேடுகிறவள், இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இவரை, என்ன தெரிகிறது என்று கேட்டதில்லை. தெரியுதா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"போட்டுக்கிட்டுப் பாருங்க," என்றாள்.

அவர் பயந்து பயந்து கண்ணாடியோடு குனிந்தார். கீழே ஃபுட்சால் திடலில் யாரோ கோல் போட்டு ஊளையிட்டார்கள்.

"ரெண்டு," என்றார். "ஒண்ணு பெருசு. இன்னொண்ணு கொஞ்சம் சின்னது, அதுல மஞ்சள் கூட இருக்கு. நடுவுல கறுப்பா இடைவெளி. ஆளு போயிட்டு வரலாம் போல." நிமிராமலேயே இன்னும் பார்த்தார். "இதுவா? இத்தன நாளா நீ பார்த்துக்கிட்டு இருந்தது இதுவா துளசி?"

"ம்," என்றாள். லென்சில் கீறல் விழுந்ததா என்று பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாள். விழவில்லை.

அந்த மாதக் கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா, நான் சாந்தினி. அந்த மூணு ஸ்டார் போட்டோ இருந்தா அனுப்புங்க.' கனகராஜிடம் சண்டை போட்டு எண்ணை வாங்கியிருந்தாள். அன்று எடுத்தது புழுப் படம் என்று எழுதத் துளசிக்குக் கை வரவில்லை. மறுநாள் சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். மாடியின் பொது நடைவழி வடக்கு பார்த்தது. இத்தனை வருடம் அதை யோசிக்காததற்குக் காரணம், அதன் கோடியில்தான் குப்பை கொட்டுகிற துவாரம். அந்த நாற்றத்தில் நிற்பாளா அவள்? இப்போது நின்றாள். பத்துமலை ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, போகிற வருகிறவர்களை மெதுவாக நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி குப்பைப் பையோடு வந்து, "இதென்ன, கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டாள். பத்துமலை பொறுமையாக விளக்கினார்.

படம் நன்றாக வந்தது. வசிட்டர் இரண்டாகப் பிரிந்து, எதிர் மூலையில் அருந்ததி. மூன்றும் ஊசிக் குத்து. நிறம் கூட்டவில்லை, பெயர் போடவில்லை, அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் சாந்தினி பேசினாள். "ரூபன் பார்த்தாருக்கா. நான் எதுவும் சொல்லல. அவரே மூணுன்னு எண்ணுனாரு. அன்னைக்கு அம்மாவுக்குப் பயந்து சொன்னேன்னு ஒத்துக்கிட்டாரு."

"உங்க மாமியாரு?"

சாந்தினிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அத்தை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டாங்க. ஒட்டிக்கிட்டு இருக்கிறது வசிட்டரோட பிள்ளையாம். வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

துளசி கண்ணை மூடிக்கொண்டாள். ஜனம் ஜனம்தான். உண்மையைக் கையில் கொடுத்தால் அதற்கும் பூச்சூட்டிப் பொட்டு வைத்துவிடும். ஆனாலும் அந்த வீட்டுக் கூடத்தில் மூன்று நட்சத்திரம் மூன்றாகவே தொங்குகிறது என்ற நினைப்பு அவ்வளவு கசப்பாக இல்லை.

வாரம் முடிவதற்குள் கனகராஜ் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "கோவமாம்மா? விடு. நல்லம்மாள் அக்கா சொன்னாங்க. பிள்ளை நட்சத்திரம்! என்னா ஐடியா லா. வளைகாப்புக்கு ஒரு பேக்கேஜ் போடுறேன். நீ மூணு காட்டுனாப் போதும்."

"அது பிள்ளை இல்ல அண்ணே."

"யாருக்கும்மா தெரியப்..."

போனை வைத்துவிட்டாள். பால்கனியில் பத்துமலை விருச்சிகத்தின் பக்கம் தொலைநோக்கியைத் தானே திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் தாங்கும். நகருங்கள், அப்படித் திருகினால் கெட்டுவிடும் என்று சொல்லப் போனவள், சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.